அடுத்தவர் உயிலில் நம் பெயர்



நினைவுச் சொற்பொழிவுக்கு உயில் ஒரு தலைப்பா என்று அமைப்பின் நண்பர்கள் சிலரே கேட்டார்கள். இந்த மேடை யாருடைய பெயரால் நடக்கிறதோ அவர் வாழ்நாளில் பெரும்பகுதியை மனுக்களோடும் பத்திர நகல்களோடும் தாலுகா அலுவலக வராந்தாக்களில் கழித்தவர். அவருக்கு இந்தத் தலைப்பு அந்நியமாக இருக்காது என்று நினைக்கிறோம்.

இப்போது வம்சாவளி தேடுவது ஒரு பொழுதுபோக்காகப் பரவியிருக்கிறது. எச்சிலை ஒரு குப்பியில் துப்பி அனுப்பினால் மூதாதையர் எந்தக் கண்டத்திலிருந்து வந்தார்கள் என்று சொல்லிவிடுகிறார்களாம். ஆவணங்களின் வழியாகத் தேடுகிறவர்களுக்கு வழிகாட்டி நூல்கள் சொல்லும் முதல் ஆலோசனைகளில் ஒன்று, குடும்பத்தின் பழைய உயில்களை எடுத்துப் பாருங்கள் என்பது. நல்ல ஆலோசனைதான். உயிலில் மனைவி பெயர் இருக்கும், பிள்ளைகள் வரிசையாக இருப்பார்கள், மகளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தது என்பது இருக்கும், மனஸ்தாபத்தில் ஒதுக்கப்பட்ட மகன்கூட இருப்பான். ஒரு குடும்பம் தன்னைப் பற்றித் தானே எழுதிய ஒரே தாள் பல வீடுகளில் உயில்தான். ஆனால் இந்த ஆலோசனைக்குள் சொல்லப்படாத ஒரு அனுமானம் இருக்கிறது. தாத்தாவுக்கு எழுதிவைக்க ஏதோ இருந்தது என்ற அனுமானம். நம்மில் எத்தனை பேருடைய தாத்தாவுக்கு இருந்தது?

உயில் என்ற சொல்லே ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. 'வில்' நம் நாக்கில் உயிலாயிற்று. பழைய இந்து தர்ம நூல்களில் உயில் கிடையாது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு என்னும்போது, தகப்பன் சாகும்போது எழுதிவைப்பதற்கு என்ன இருக்கிறது? வெள்ளையர் நீதிமன்றங்கள் வந்த பிறகே உயில் இங்கே வேர்பிடித்தது. 1870-இல் வந்த இந்து உயில்கள் சட்டம் வங்காளப் பகுதிக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டுமே பொருந்தியது. மற்ற ஊர்களில் எழுதப்படும் இந்து உயில்களும் எழுத்தில், இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்ற விதி 1927 ஜனவரி 1 முதல்தான். பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கை உயில் எழுதும் உரிமை 1956-இன் வாரிசுரிமைச் சட்டத்தோடு வந்தது. ஆகவே தமிழ்நாட்டில் பழைய உயில் என்றால் பெரும்பாலும் தானே சம்பாதித்த சொத்து உள்ளவர்கள், பிள்ளையில்லாதவர்கள், விதவைகள், சென்னை நகரத்துச் செல்வர்கள், ஜமீன்கள், கிறித்தவர்கள் எழுதியது. அந்தப் பட்டியலில் சேரிக்கு இடம் மிகக் குறைவு.

அப்படியானால் நம்மவர் உயில்களில் இல்லவே இல்லையா? இருக்கிறார்கள். வாரிசாக அல்லாமல், வேறு இடங்களில் இருக்கிறார்கள். அந்த இடங்களைக் காட்டுவதற்குத்தான் இந்த உரை.

முதலில் கடல் தாண்டிப் போவோம். நம்மைப் போலவே உயில் எழுத முடியாத ஒரு மக்கள் கூட்டம் இந்த வேலையை நமக்கு முன்னால் செய்துவிட்டது. அமெரிக்கக் கறுப்பின ஆய்வாளர்கள் '1870 சுவர்' என்று ஒன்றைச் சொல்வார்கள். 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் விடுதலையான கறுப்பர்கள் எல்லோருடைய பெயரும் முதல்முறையாக எழுதப்பட்டது. அதற்கு முந்தைய 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. அதில் எசமானின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவே. கொள்ளுப்பாட்டியைத் தேடிப் போகிறவர் 1870-இல் முட்டிக்கொண்டு நிற்பார். அந்தச் சுவரைத் தாண்ட அவர்கள் கண்டுபிடித்த சந்துகளில் முக்கியமானது எசமானின் உயில். கணக்கெடுப்பவர் எழுதாத பெயரை எசமான் எழுதியிருப்பான். அன்பினால் எழுதவில்லை. எந்த மகளுக்கு எந்த அடிமை என்று பிரிக்க வேண்டும் அல்லவா? மாட்டை அடையாளம் சொல்வது போல மனுஷியை அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. இன்னாளும் அவள் பிள்ளைகளும், இனி அவள் வயிற்றில் பிறக்கப் போகிறவர்களும் என் மகளுக்கு என்று எழுதுவது அந்த உயில்களில் சாதாரணம். கருவிலும் இல்லாத குழந்தை கைமாறிவிட்டது. ஆனால் அதே வரியால்தான் இன்று ஒரு பேத்தி தன் பாட்டியின் தாயைக் கண்டுபிடிக்கிறாள்.

உலகம் அறிந்த உயில் ஒன்றைச் சொல்கிறோம். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் 1826 ஜூலை 4-ஆம் தேதி இறந்தார். அந்த ஆண்டு மார்ச் மாதம் உயில் எழுதி, மறுநாள் ஒரு பின்னிணைப்பும் எழுதியிருந்தார். அதில் ஐந்து அடிமைகளுக்கு விடுதலை: பர்வெல் கோல்பர்ட், ஜான் ஹெமிங்ஸ், ஜோ ஃபோசெட், மேடிசன் ஹெமிங்ஸ், எஸ்டன் ஹெமிங்ஸ். ஐந்து பேரும் எலிசபெத் ஹெமிங்ஸ் என்ற ஒரே அடிமைப் பெண்ணின் வழி வந்தவர்கள். அந்த எலிசபெத்தும் பிள்ளைகளும் ஜெஃபர்சன் வீட்டுக்கு வந்ததும் ஒரு மரணத்தின் வழியாகவே. 1773-இல் அவருடைய மாமனார் ஜான் வேல்ஸ் இறந்தபோது மனைவி வழியாக வந்த 135 அடிமைகளில் அவர்களும் அடக்கம். எலிசபெத்தின் மகள் சாலி. மேடிசனும் எஸ்டனும் சாலியின் மகன்கள். அவர்களுடைய தகப்பன் யார் என்பதை உயில் சொல்லவில்லை. இருபத்தொரு வயது வரை ஜான் ஹெமிங்ஸிடம் தொழில் பழக வேண்டும், பிறகு விடுதலை என்று மட்டும் இருக்கிறது. சாலியின் பெயர் உயிலில் எங்கேயும் இல்லை.

அந்த மௌனத்தை உடைத்தவர் மேடிசன்தான். 1873-இல் ஒஹையோ மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில், என் தகப்பன் ஜெஃபர்சன் என்று அவர் சொன்னது அச்சானது. வரலாற்றுப் பேராசிரியர்கள் நூறாண்டுக்கு மேல் அதை ஏற்கவில்லை. 1998-இல் மரபணுச் சோதனை எஸ்டனின் வம்சத்தை ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் வழியோடு இணைத்த பிறகுதான் பெரும்பாலோர் வாய் அடைத்தது. உயிலையும் பண்ணைக் கணக்கையும் மேடிசனின் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்தக் குடும்பத்தின் முழு வரலாற்றை எழுதியவர் அன்னெட் கோர்டன்-ரீட் என்ற கறுப்பினப் பெண் வரலாற்றாசிரியர். அவரிடம் நாம் கற்கிற பாடம், உயிலில் இருப்பதைப் படிப்பதோடு யாருக்குச் சலுகை கிடைத்தது, ஏன் அவர்களுக்கு மட்டும் என்று கேட்பது. அவ்வளவு பெரிய பண்ணையில் ஐந்தே பேர், அதுவும் ஒரே தாய் வழி என்றால் அந்த எண்ணிக்கையே ஒரு வாக்குமூலம்.

ஜோ ஃபோசெட்டை மறந்துவிடக் கூடாது. அவருக்கு விடுதலை எழுதிய உயில் அவருடைய மனைவி ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் எழுதவில்லை. 1827 ஜனவரியில் கடனுக்காக மான்டிசெல்லோ பண்ணையில் நடந்த ஏலத்தில் அவர்கள் விற்கப்பட்டார்கள். உயில் ஒரு கையால் விடுவித்த குடும்பத்தை மறு கையால் பிய்த்துப் போட்டது. (மேடிசனின் வாக்குமூலம் அச்சான அதே 1873-இல்தான் மகாத்மா ஜோதிராவ் புலே 'குலாம்கிரி'யை வெளியிட்டு, அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். இரண்டும் ஒரே ஆண்டு என்பது தற்செயல்தான். இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

சரி, இங்கே அடிமை எங்கே இருந்தான், இது அமெரிக்கக் கதை அல்லவா என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய 'தமிழகத்தில் அடிமை முறை'யைக் கையில் கொடுக்கலாம். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளிலேயே மனிதர்கள் தம்மையும் தம் வழித்தோன்றல்களையும் விற்ற செய்தி இருக்கிறது. கும்பினி ஆட்சியில் 1819-ஆம் ஆண்டு சென்னை வருவாய் வாரியம் மாவட்டக் கலெக்டர்களிடம் அடிமைகள் பற்றி அறிக்கை கேட்டது. நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் ஆட்களை விற்பது, அடகு வைப்பது எல்லாம் அந்தப் பதில்களில் பதிவாகியிருக்கிறது. 1843-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் இன்னொருவருக்கு அடிமை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்காது என்றது. 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. அதன் பிறகு எந்த மிராசுதாரும் ஆவணத்தில் 'அடிமை' என்று எழுத மாட்டார். 'பண்ணையாள்' என்று எழுதுவார். அல்லது ஆளை எழுதாமல், ஆள் பட்ட கடனை எழுதுவார். சொத்துப் பட்டியலில் நிலுவைக் கடன் என்று வரும் வரிசையில் ஒரு கறுப்பன் பெயரும் ஒரு தொகையும் இருந்தால், அந்தத் தொகையின் பின்னால் ஒரு ஆயுள் முழுக்க உழைத்த குடும்பம் இருக்கலாம். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாங்கிய கடன் எப்படித் தலைமுறை விலங்காயிற்று என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். பதிவு செய்யப்பட்ட உயில்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். நில விற்பனை, அடமானம் எல்லாம் 1-ஆம் புத்தகம். நீங்கள் போடும் வில்லங்கச் சான்று 1-ஆம் புத்தகத்தைத்தான் பார்க்கும். ஆகவே உயில் அதில் தலைகாட்டாது. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவரோ அவருடைய முகவரோ தவிர யாருக்கும் நகல் கிடைக்காது. அவர் இறந்த பிறகு, விண்ணப்பிக்கிற எவருக்கும் நகல் கொடுக்க வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. எவருக்கும் என்றால் எவருக்கும். மிராசுதாரின் பேரனுக்கு உள்ள உரிமை பண்ணையாளின் பேத்திக்கும் உண்டு. சென்னை நகரத்து உயில்களுக்கு நீண்டகாலம் நீதிமன்ற மெய்ப்பு கட்டாயமாக இருந்ததால் அவை உயர் நீதிமன்ற ஆவணங்களிலும் கிடைக்கும்.

சிக்கல் என்னவென்றால், அட்டவணை எழுதியவரின் பெயரால் ஆனது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரைக் கொடுத்தால் ஒன்றும் வராது. அவர் எந்தப் பண்ணையில் வேலை செய்தார் என்பது தெரிய வேண்டும். ஆகவே வீட்டில் கிழவிகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'நம்ம வம்சம் என்ன' என்பதைவிட, 'யாரு வீட்டுக் களத்துல நெல்லு அடிச்சோம்' என்பது. கறுப்பின ஆய்வாளர்களும் இதைத்தான் செய்தார்கள். கடைசி எசமானின் பெயர் தெரியாமல் அவர்களால் ஓரடி பின்னோக்கிப் போக முடியாது. நம் வரலாற்றுக்கான சாவி அவர்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்பது எரிச்சலான விஷயம்தான். எரிச்சல்பட்டுக்கொண்டே எடுக்க வேண்டும்.

உயில் கையில் கிடைத்தால் பலரும் பயனாளிகளின் பெயர்களைப் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். நமக்கு வேண்டியது கடைசிப் பக்கத்துச் சொத்து விவரம். ஒவ்வொரு நிலத்துக்கும் நான்கெல்லை இருக்கும். பழைய பத்திர எழுத்தர் மொழியில் சக்குபந்தி. வாய்க்காலுக்குத் தெற்கு, கோயில் மானியத்துக்கு வடக்கு, சின்னான் புஞ்சைக்கு மேற்கு, பறைச்சேரிக்குக் கிழக்கு என்று போகும். அந்தச் 'சின்னான் புஞ்சை' என்ற இரண்டு சொற்களில் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த ஆண்டில், அந்த இடத்தில், சின்னானுக்கு நிலம் இருந்தது என்று நிலத்துக்காரரே தன் கையால் எழுதி, சாட்சி வைத்து, அரசாங்கத்தில் பதிந்திருக்கிறார். சின்னானின் பேரன் இன்று அதே இடத்தில் கூலிக்குப் போகிறான் என்றால், நடுவில் என்ன நடந்தது?

இந்தக் கேள்விக்கு முன்னால்தான் வம்சாவளி ஆய்வு நமக்குப் பொழுதுபோக்காக இல்லாமல் போகிறது. செங்கல்பட்டு மாவட்டப் பொறுப்புக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணையின் கீழ் ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியார் தவிர வேறு எவருக்கும் போகக் கூடாது என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். 1994 அக்டோபரில், காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தின் தொடர்ச்சியாகச் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்ததும் இதற்காகத்தான்.

பஞ்சமி நிலத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் ஒழுங்கான கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. எழுதினால் நிபந்தனையை மீறியது அப்பட்டமாகிவிடும். கடனுக்கு அனுபவம், வெள்ளைத் தாளில் கைநாட்டு, ஊர் வாய்ப்பேச்சு என்று நிலம் நகர்ந்திருக்கும். பிறகு ஒரு நாள் அந்தக் குடும்பத்துப் பெரியவர் உயில் எழுதும்போது, இன்ன சர்வே எண், இத்தனை ஏக்கர், 'என் சுயார்ஜித சொத்து' என்று பட்டியலில் சேர்ப்பார். அந்த நிலம் அந்தக் குடும்பத்தின் பெயரால் முதல்முறையாக எழுத்தில் வருகிற இடம் அதுவாக இருக்கலாம். 1979-க்கும் 1987-க்கும் இடையே நடந்த யூ.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டில் அதே சர்வே எண்ணைப் பார்த்து, குறிப்புக் கலத்தில் டி.சி. நிலம் என்று இருந்தால், இரண்டு தாளையும் பக்கத்தில் வைக்கலாம். உயிலால் புதிதாக உரிமை பிறக்காது. தனக்கு இல்லாததை ஒருவர் எழுதிவைக்க முடியாது. சுயமாகச் சம்பாதித்தேன் என்கிறாரே, யாரிடமிருந்து, எந்த ஆண்டில், எந்த ஆவணத்தால் என்ற கேள்வியை அவருடைய உயிலே நம் கையில் தருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்க, ஒதுக்கீடு பெற்றவரின் வாரிசு நாம் என்று காட்ட வேண்டும். வம்சாவளி அங்கேதான் ஆயுதமாகிறது.

இன்னும் இரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சென்னையில் வாழ்ந்த வெள்ளையர்கள் எழுதிய உயில்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அவர்கள் வீட்டுச் சமையற்காரர், பட்லர், ஆயா, குதிரைக்காரர் வேலைகளில் நம்மவர் நிறைய இருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனாரே ஒரு வெள்ளைத் துரையிடம் பட்லராக இருந்தவர். வேலைக்காரர்களுக்குச் சில மாதச் சம்பளம் கொடுக்கச் சொல்லும் வரிகளில் நம்மவர் பெயர் வரக்கூடும். வெள்ளையரோடு வாழ்ந்த நம் பெண்கள் விஷயம் வேறு. பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் இருக்கும், தாய் 'சுதேசிப் பெண்' என்பதோடு நின்றுவிடுவாள். வங்காளத்து உயில்களை வைத்து இந்த மறைப்பை துர்பா கோஷ் விரிவாக எழுதியிருக்கிறார்.

மற்றொன்று தென்னாப்பிரிக்கா. பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் மனிதர்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். கேப் குடியேற்றத்தில் டச்சு எசமான்களின் உயில்களிலும், இறந்தவர் வீட்டுப் பொருள் பட்டியல்களிலும் நாற்காலி, வெண்கலப் பானைகளோடு அந்த மனிதர்களும் வருகிறார்கள். சொந்தப் பெயர் போய்விட்டது. ஒரு மாதத்தின் பெயரும் ஊரின் பெயரும்தான் மிச்சம். அப்படித் தேடிப்போன ஆய்வாளர்கள் கண்ட ஒருத்தி, பழவேற்காட்டு கத்ரீன். அவளுடைய மகன் கிறிஸ்டோஃபலிடமிருந்து கிளைத்தது இன்றைய ஸ்னைமன் என்ற ஆப்பிரிக்கானர் குடும்பம். நிறவெறி ஆட்சியில் வெள்ளையராக எண்ணப்பட்ட ஒரு குடும்பத்தின் மூலத் தாய் நம் கடற்கரைக்காரி. அவள் சாதி என்ன என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. நாமும் ஊகிக்க வேண்டாம்.

ஏனென்றால் வம்சாவளி என்பது சாதிப் பெருமைக்கு மிக அருகில் இருக்கும் பொருள். நாங்களும் ஆண்ட பரம்பரை என்று பட்டயம் தேடிக் கிளம்புவதற்கு இந்த உரை உதவிவிடக் கூடாது என்ற கவலை எங்களுக்கு உண்டு. புலே 1887-இல் எழுதிய உயிலில், பிராமண விதவை ஒருத்திக்குப் பிறந்து தாம் தத்தெடுத்த யஷ்வந்தைத் தம் வாரிசாக்கினார். இரத்தத்தை மறுப்பதற்கும் உயில் பயன்பட்டிருக்கிறது. 1890-இல் புலே இறந்தபோது உறவினர்கள் யஷ்வந்தைக் கொள்ளிச்சட்டி தூக்க விடவில்லை. சாவித்திரிபாய் தானே முன்வந்து தூக்கினார்.

கடைசியாக ஒன்று. 1927-க்கு முன்பு, சென்னை நகரத்துக்கு வெளியே இந்து ஒருவர் வாய்வார்த்தையாகச் சொன்ன உயிலும் சட்டப்படி செல்லும். சாகக் கிடந்த கிழவி பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, வெண்கலக் குடம் சின்னவளுக்கு, தண்டட்டி பேத்திக்கு, ஆட்டுக்குட்டி வளர்த்தவனுக்கு என்று சொன்னாள் என்றால் அவள் உயில் எழுதியிருக்கிறாள் என்றே பொருள். அதைப் பதியத்தான் அன்றைக்கு யாரும் இல்லை. நம் வீடுகளில் இந்தக் கதைகள் இன்னும் இருக்கின்றன. ஒப்பாரிகளில் இருக்கின்றன. யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எந்தப் பஞ்சத்துக்கு அல்லது எந்த வெள்ளத்துக்குப் பிறகு, பக்கத்தில் யார் யார் இருந்தார்கள், அந்தப் பொருள் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். பழைய பெயர்களைத் திருத்த வேண்டாம். சாதிப் பெயரை அன்று எப்படிச் சொன்னார்களோ அப்படியே எழுதுங்கள். 1922-இல் ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்பதற்கு முந்தைய ஆவணங்களில் தேட அந்தப் பழைய சொற்கள்தான் வேண்டும். வீட்டில் தகரப்பெட்டி இருந்தால் அதில் உள்ள வரி ரசீது, திருமுழுக்குச் சீட்டு, கடன் சீட்டு எதையும் எறியாமல் எடுத்துவைத்து, எங்களிடம் ஒரு படி கொடுங்கள்.